ரோமோ "எல்லா ப்ளேயையும்" முன்னாடியே சொல்றாரா?

ஃபாக்ஸ்பரோசெல்வி: போன வாரம் இங்க ஒருத்தர் எழுதியிருந்தார், அமெரிக்கன் ஃபுட்பால் டிவி கமென்டேட்டர், டல்லஸ் கவ்பாய்ஸோட பழைய க்வார்ட்டர்பேக் (பாஸ் எறியறவர்) டோனி ரோமோ ஒவ்வொரு ப்ளேயையும், அதாவது ஒவ்வொரு தடவை ஆட்டம் தொடங்கும்போதும் டீம் என்ன பண்ணப்போகுதுன்னு, முன்னாடியே சொல்லிடுவார், அவர மாதிரி கமென்டேட்டர் பொறக்கவே இல்லன்னு. படிச்சதுலேர்ந்து பத்திக்கிட்டு வருது. 2018 சீசன்ல அவர் பேசின மேட்ச் எல்லாத்தையும் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் உக்காந்து எண்ணுச்சு. மொத்தம் 2,599 ப்ளே. முன்னாடியே சொன்னது 72. "ஒவ்வொரு ப்ளேயும்"னா இதுவா?

கவ்பாய்கண்ணன்: எழுதினது நான்தான் மேடம், பேர் சொல்லியே திட்டுங்க. பாதிய ஏன் முழுங்குறீங்க? அந்த 72ல 68 சதவீதம் கரெக்ட். 2019 ஜனவரி, கேன்சஸ் சிட்டில சீஃப்ஸ் பேட்ரியட்ஸ் மேட்ச், உங்க டீம் பேட்ரியட்ஸ் ஓவர்டைம்ல 37-31 ஜெயிச்ச மேட்ச்தான், க்ரான்க் (உங்க டீம்ல பாஸ் பிடிக்கிறவர்) ஓரமா தனியா நிக்கிறான் சேஃப்டிய (பின்னாடி நிக்கிற டிஃபென்டர்) பாருன்னு ரோமோ சொல்லி வாய மூடல, உங்க க்வார்ட்டர்பேக் பிரேடி அவனுக்கே எறிஞ்சாரு. வீட்ல நான் எழுந்து நின்னுட்டேன். நீங்க ஜெயிச்ச மேட்சையே உங்களுக்கு புரிய வச்சது அவர்தான்.

ஃபாக்ஸ்பரோசெல்வி: 72.

கவ்பாய்கண்ணன்: 68 சதவீதம்.

பிக்ப்ளூபாண்டி: அப்ப 23 தடவை தப்பு. அத யாரும் சொல்ல மாட்டீங்க. 2017ல இவருக்காக எங்க ஜயன்ட்ஸோட பழைய க்வார்ட்டர்பேக் ஃபில் சிம்ஸ சிபிஎஸ் டிவி கமென்ட்ரி சீட்லேர்ந்து தூக்கினாங்களே, அது இன்னும் எனக்கு ஆறல. சிம்ஸ் சூப்பர் பவுல் ஃபைனல்ல 25 பாஸ்ல 22 கம்ப்ளீட் பண்ணவர். ரோமோ சூப்பர் பவுல் ஆடவே இல்ல, ப்ளேஆஃப்ல மொத்தமே 2 ஜெயம் 4 தோல்வி.

கவ்பாய்கண்ணன்: வந்துட்டாரு ஜயன்ட்ஸ்காரர். 25க்கு 22 எறிஞ்சா மைக்ல பேச வந்துடுமா? ரோமோவ 2003ல எந்த டீமும் டிராஃப்ட்ல (காலேஜ் ஆளுங்கள டீமுங்க தேர்ந்தெடுக்கிறது) எடுக்கல, ஈஸ்டர்ன் இல்லினாய்ஸ் காலேஜ்லேர்ந்து வந்து டல்லஸ்ல 34,183 யார்டு எறிஞ்சிருக்காரு, விளையாட்ட விட்ட அதே வருஷம் நேரா சிபிஎஸ் சீட்டு, அதனால அவர் ஆடின அதே கோச்சுங்க அதே டிஃபென்ஸ்தான் எதிர்ல இருந்துச்சு, யார் மோஷன்ல போனா (ப்ளேக்கு முன்னாடி இடம் மாறி ஓடினா) என்ன ப்ளே, சேஃப்டி எத்தனை கெஜம் பின்னாடி நின்னா என்ன கவரேஜ்னு கண்ணுலயே இருக்கு, அதத்தான் சொல்றாரு, 72 தடவைதான்னா மத்தவங்க எத்தனை தடவை சொன்னாங்க, எண்ணிட்டு வாங்க.

ஃபாக்ஸ்பரோசெல்வி: நீங்களே சொல்லிட்டீங்க, பழகின கோச்சுங்கன்னு. அவங்க மாறினதும் வித்தையும் போச்சு, மிச்சம் வெறும் கூச்சல்தான். 2024 சூப்பர் பவுல் ஓவர்டைம்ல ஜெயிச்ச டச்டவுன், கூட கமென்ட்ரி பண்ற ஜிம் நான்ட்ஸ் சொல்ல வேண்டிய நேரத்துல குறுக்க பேசி கெடுத்தாரு. இதுக்கு வருஷத்துக்கு 1.7 கோடி டாலராம்.

சண்டேமட்டும்: சம்பளம்னா பிரேடிய கேளுங்க, கமென்ட்ரிக்கு ஃபாக்ஸ் டிவி 10 வருஷத்துக்கு 37.5 கோடி டாலர்னு செய்தி வந்துச்சு. டல்லஸ்காரர்லயே ட்ராய் எய்க்மன்தான் அமைதியா விஷயத்த மட்டும் சொல்வாரு. 3 சூப்பர் பவுல் வேற ஜெயிச்சவரு.

கவ்பாய்கண்ணன்: எய்க்மன இதுல இழுக்காதீங்க, அவர் எங்க வீட்டு சாமி. பேச்சு 68 பத்தி.

பிக்ப்ளூபாண்டி: பேச்சு 72 பத்தி. அடுத்த ப்ளே அவ்ளோ தெரிஞ்சவரு 2007 ஜனவரி சியாட்டில்ல 19 கெஜ ஃபீல்ட் கோல் கிக்குக்கு பால பிடிச்சு வைக்க முடியாம நழுவ விட்டாரே, 21-20ல தோத்தீங்களே. அத முன்னாடியே சொன்னாரா?

கவ்பாய்கண்ணன்: இதுக்குத்தான் காத்திருந்தீங்க. 2007லேர்ந்து இத ஒண்ணையே வச்சு ஓட்டுறீங்க. வழுக்குன பால எடுத்துக்கிட்டு கோல் லைனுக்கு ஓடினவரும் அவரேதான், ரெண்டு கெஜம் மிச்சத்துல கால புடிச்சு இழுத்துட்டாங்க. அன்னிக்கு டிவிய அணைச்சுட்டு ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல நான். அதப்போய் கமென்ட்ரில கொண்டுவந்து சேக்குறீங்க. 68. அதுக்கு பதில் சொல்லுங்க.

ஃபாக்ஸ்பரோசெல்வி: சொல்லியாச்சு. 2,599ல 72.

பிக்ப்ளூபாண்டி: கண்ணன், ஃபேன்டஸி லீக்ல நீங்க எனக்கு தர வேண்டிய 20 டாலர் அப்படியே நிக்குது. அந்த எண்ணும் ஞாபகம் இருக்கட்டும்.

கவ்பாய்கண்ணன்: அந்த ட்ரேடு செல்லாதுன்னு அன்னிக்கே சொன்னேன். 68 சதவீதம்.