பாட்டு எழுதினது நான், கிரெடிட்ல பாடகர் பேரு, ராயல்டி மொத்தம் லேபிளுக்காம். இது சரியா?

பல்லவி_பாய்:
வணக்கம் மக்களே, ஒரு சின்ன லேபிளுக்கு, அதாவது பாட்டு வெளியிடற கம்பெனிக்கு, ஆல்பம் சாங் ஒண்ணு எழுதிக் கொடுத்தேன், படப்பாட்டு இல்ல. பல்லவி, ரெண்டு சரணம் எல்லாமே என்னோடது. ரெக்கார்டிங் அன்னைக்கு பாடகர் "இந்த வார்த்தை வாயில உக்கார மாட்டேங்குது"ன்னு ரெண்டு இடத்துல மாத்திப் பாடினார், அவ்ளோதான். ரிலீஸ் ஆனப்புறம் பாத்தா "வரிகள்"னு அவர் பேரு முதல்ல, என் பேரு பின்னாடி. கேட்டா அண்ணனுக்கு ஃபேன்ஸ் இருக்காங்க, உனக்குத்தான் ரீச்சுங்கறாங்க. அது போகட்டும்னு பாத்தா அக்ரிமெண்ட்ல வேற, மொத்தமா ஒரு தொகை வாங்கிட்டதால ராயல்டி உட்பட எந்த உரிமையும் எனக்கு இனி இல்லைன்னு ஒரு லைன். இது செல்லுமா? கீபோர்டு வாசிச்ச ஃப்ரெண்டும் கேக்கறான், ஆரம்பத்துல வர்ற பிட் மொத்தமும் அவனா போட்டது, மியூசிக் டைரக்டர் ஹம் பண்ணிக்கூட காட்டல, அவனுக்கு எதுனா உண்டா?

காப்பிரைட்_கந்தசாமி:
தம்பி, அந்த ராயல்டி லைன் செல்லாது. 2012ல காப்பிரைட் சட்டத்தைத் திருத்தினப்ப 18, 19ஆம் பிரிவுகள்ல இதைத் தெளிவா வெச்சுட்டாங்க: பாட்டு எழுதினவரும் இசையமைச்சவரும் ராயல்டி வாங்கற உரிமையை லேபிளுக்கு எழுதிக் கொடுக்கவே முடியாது, வாரிசுக்கோ காப்பிரைட் சொசைட்டிக்கோ (மெம்பர்களுக்காக ராயல்டி வசூல் பண்ணிக் கொடுக்கற அமைப்பு) மட்டும்தான் கொடுக்கலாம். படப்பாட்டுக்கு ஒரு ஷரத்து, உன்னோட மாதிரி ஆல்பம் பாட்டுக்கு தனியா ஒண்ணு. அதுக்கு முன்னாடி கதையே வேற. 1977ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்ததுல இருந்து காசு கொடுத்து எழுத வெச்ச தயாரிப்பாளர்தான் முதல் ஓனர்னு ஆகிப்போச்சு, எத்தனையோ பேர் எழுதிட்டு கவரை வாங்கிட்டுப் போனதோட சரி. இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் ராஜ்யசபா எம்.பி.யா இருந்துகிட்டு இதுக்காக எவ்வளவு பேச்சு வாங்கினார் தெரியுமா. இன்னொண்ணு, அக்ரிமெண்ட்ல எத்தனை வருஷத்துக்குன்னு போட்டிருக்கா பாரு, போடலைன்னா 5 வருஷம்னுதான் சட்டம் எடுத்துக்கும்.

மெட்டுக்காரன்:
இளையராஜா சார் மாதிரி ஒரு நோட்டீஸ் விடுங்க ப்ரோ, தன்னால வழிக்கு வருவாங்க 😄

காப்பிரைட்_கந்தசாமி:
எல்லாத்துக்கும் அவரையே இழுக்காதீங்கப்பா. 2017ல எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் போனதெல்லாம் மேடைக் கச்சேரில பாடறது பத்தினது, எக்கோ ஆடியோ கம்பெனி கூட நடந்த கேஸ் பழைய அக்ரிமெண்ட்டை வெச்சு. ஆனா அதுல இவருக்கு வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு, 2024ல சென்னை ஹைகோர்ட்ல அந்த அப்பீல் வந்தப்ப வரிகள் இல்லாம பாட்டு ஏது, பாடலாசிரியரும் உரிமை கேட்டா என்ன பண்றதுன்னு நீதிபதியே கேட்டார். நம்ம ஆளுங்க அதை ரெண்டு நாள் மீம் போட்டு மறந்துட்டாங்க.

செஷன்_மாமா:
கீபோர்டு தம்பிக்கு சொல்றேன். அடுத்தவர் சொன்ன நோட்ஸை வாசிச்சா நீ பெர்ஃபார்மர், அதுக்கும் 38ஏ பிரிவுல ராயல்டி உண்டு, கைக்கு வருதாங்கறது வேற. ஆனா மெட்டையே நீ உண்டாக்கினா அது கம்போசிங். "எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்"னு ப்ரோகோல் ஹாரம் பேண்டோட 1967 பாட்டு, அந்த ஆர்கன் பிட் இல்லாம அதை யாருக்கும் ஞாபகமே வராது. வாசிச்ச மாத்யூ ஃபிஷர் பேரு கிரெடிட்ல கிடையாது. 2005ல, அதாவது 38 வருஷம் கழிச்சு கேஸ் போட்டார். லண்டன் ஹைகோர்ட் இசை உரிமைல 40% அவருக்குன்னுச்சு, அப்பீல் கோர்ட் இவ்வளவு லேட்டா வந்தா பேரு மட்டும்தான் காசு கிடையாதுன்னுச்சு, கடைசியா 2009ல அப்போ அங்க உச்ச கோர்ட்டா இருந்த ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் காசும் உண்டுன்னு முடிச்சுது, ஆனா 2005க்கு அப்புறம் வர்ற பணத்துல மட்டும். நடுவுல போன வருஷங்கள் போனதுதான். நம்ம ஊர் கோர்ட்டுக்கு அந்தத் தீர்ப்பு கட்டாயம் இல்ல. இங்க ஸ்டுடியோல கேட்டா "அரேஞ்ச்மெண்ட்தானே"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுடுவாங்க. ப்ராஜெக்ட் ஃபைல், வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் எதையும் டெலீட் பண்ண வேணாம்னு சொல்லு, தேதியோட இருக்கற ஒரே சாட்சி அதுதான்.

ஐபிஆர்எஸ்_அக்கா:
பல்லவி தம்பி, வாதாடறதுக்கு முன்னாடி ஐபிஆர்எஸ்ல, அதான் பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கான காப்பிரைட் சொசைட்டில, மெம்பரா சேர்ந்து இந்தப் பாட்டை உன் பேர்ல ரெஜிஸ்டர் பண்ணு. அங்க பொதுவா எழுதினவருக்கு 25, இசைக்கு 25, பப்ளிஷருக்கு 50ன்னு பிரியும். பாடகரும் வரிகள்னு போட்டு சேர்ந்தா உன்னோட 25ல இருந்துதான் எடுப்பார், அதனால கிரெடிட் "பரவால்ல"ன்னு விடற விஷயமே இல்ல, அதுதான் பணம். ரெண்டு பேரும் வேற வேற கணக்கு கொடுத்து மொத்தம் 100ஐ தாண்டுச்சுன்னா தகராறு தீர்ற வரைக்கும் பணம் நிறுத்தி வெச்சுடுவாங்க. ரெண்டு வார்த்தை மாத்தினதுக்கெல்லாம் கூட்டு ஆசிரியர் ஆகிட முடியாது. பாடினதுக்கு அவருக்கு தனி உரிமை இருக்கு, அதை அவர் பாடகர்களோட சொசைட்டில வாங்கிக்கட்டும். உரிமையை எழுதிக் கொடுத்தாலும் எழுதினது நான்னு சொல்ற உரிமை 57ஆம் பிரிவுல உன்கிட்டயேதான் இருக்கும், அதை வெச்சு லேபிளுக்கு மெயில் போடு. போன்ல பேசாத.

பல்லவி_பாய்:
நன்றி அக்கா, கந்தசாமி அண்ணா. அதே லேபிள் அடுத்த பாட்டுக்கு திங்கக்கிழமை சைன் பண்ண வரச் சொல்லியிருக்காங்க, இந்த மெயிலைப் போட்டா அந்த சான்ஸ் போயிடுமோன்னு இருக்கு.

செஷன்_மாமா:
போகலாம், போகாதுன்னு பொய் சொல்ல மாட்டேன். திங்கக்கிழமை போறப்ப வரிகள் 100% உன்னோடதுன்னு ஒரு ஸ்ப்ளிட் ஷீட் (யாருக்கு எத்தனை பங்குன்னு எழுதின தாள்) எடுத்துட்டுப் போ, மைக் போடறதுக்கு முன்னாடி எல்லாரும் கையெழுத்து. போடமாட்டோம்னா வரிகளைக் கொடுக்காத.