நான்கு முறை வாசித்தும் எழுத வரவில்லை: பழுது பதிவிலா, மீட்பிலா?

இழைவானம் (கேள்வி)

வணக்கம். நினைவைப் பதிவு, இருப்பு, மீட்பு என மூன்று கட்டமாகப் பாடநூல்கள் பிரிக்கின்றன. ஒரு பாடத்தை ஒரே அமர்வில் நான்கு முறை வாசித்தால் நான்காம் முறை எல்லாமே தெரிந்ததுபோல் இருக்கிறது. ஒரு வாரம் கழித்து நூலை மூடிவிட்டு எழுத உட்கார்ந்தால் பாதிகூட வருவதில்லை. ஆனால் விடையைப் பார்த்ததும் "இதுதானே!" என்று தோன்றிவிடுகிறது. இங்கே எந்தக் கட்டம் பழுது? அதைச் சோதித்துப் பார்க்க வழி உண்டா? மனதில் ஏழு பொருள்தான் நிற்கும் என்கிறார்களே, அதனால் வருவதா இது?

கரும்பலகை

ஏழைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது 1956-ல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் வைத்த கணக்கு, சில நொடிகள் மட்டும் மனதில் நிற்கும் குறுங்கால நினைவுக்கு உரியது. உள்ளுக்குள் சொல்லிப் பார்ப்பதையும் துணுக்குகளைச் சேர்த்துக் கட்டுவதையும் தடுத்துவிட்டால் எண்ணிக்கை ஏறக்குறைய நான்குதான் என்று 2001-ல் நெல்சன் கோவன் வாதிட்டார். ஒரு வாரம் கழித்து வரும் மறதி நீண்டகால நினைவின் விஷயம். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

விடையைப் பார்த்ததும் தெரிவது மீட்டறிதல். வெற்றுத்தாளில் எழுதுவது மீட்டுக்கொணர்தல். முன்னதில் விடையே கண்முன் துப்பாக நிற்கிறது; பின்னதில் துப்பையும் நீங்களேதான் தேட வேண்டும். 1966-ல் டல்விங்கும் பேர்ல்ஸ்டோனும் வகைவாரியான சொற்பட்டியல்களைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். வகைப் பெயர்களைத் துப்பாகக் கொடுத்தபோது, துப்பில்லாமல் வந்ததைவிடக் கூடுதலான சொற்கள் வெளிவந்தன. உள்ளே இருப்பது வேறு, கைக்கு எட்டுவது வேறு என்ற பிரிப்பு இதிலிருந்து வலுப்பட்டது.

அதே தர்க்கத்தில் நீங்களும் சோதிக்கலாம். முதலில் 10 நிமிடம் வெற்றுத்தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதுங்கள். அடுத்து பாடத்தின் துணைத்தலைப்புகளை மட்டும் பார்த்து, வேறு நிற மையில் சேர்த்து எழுதுங்கள். அதிலும் வராதவற்றுக்கு, ஒன்றுக்கொன்று நெருக்கமான நான்கு விடைகள் கொண்ட வினாக்களைப் போடுங்கள். இரண்டாம் நிறத்தில் நிறைய வந்தால் பதிவு இருக்கிறது, பழுது மீட்பில். நெருக்கமான விடைகளுக்கிடையே தடுமாறினால் பதிவே மங்கல். விடைகள் எளிதாக இருந்தால் இந்தச் சோதனைக்குப் பொருளே இல்லை, அதில் கவனம் வேண்டும்.

மூன்றிலும் தோற்ற பகுதியைக்கூட "போய்விட்டது" என்று எழுதிவிடாதீர்கள். மறுபடி படிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். முதல்முறையைவிடக் குறையும் நேரமே சேமிப்பு; உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-ல் அளந்தது இதைத்தான். பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, ஒரு நாள் கழித்து மறுபடி கற்றபோது முதல்முறை செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சமானது. 31 நாள் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். நாளாக ஆக இந்த மிச்சம் குறைவதைக் காட்டும் அவருடைய மறதி வளைகோட்டை "ஒரே நாளில் மூன்றில் இரண்டு பங்கு மறந்துவிடும்" என்று படிப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். அவர் அளந்தது நினைவுக்கு வந்த அசைகளை அல்ல, மறுபடி கற்பதில் மிச்சமான உழைப்பை. பொருளுள்ள பாடத்துக்கு அதே எண்கள் பொருந்தவும் பொருந்தா.

நுண்ணிழை

சோதனை சரி. ஆனால் பழுதை மீட்பின் தலையில் மட்டும் கட்டக் கூடாது. திரும்பத் திரும்பப் பார்ப்பதாலேயே பதிவு உண்டாகிவிடாது. 1979-ல் நிக்கர்சனும் ஆடம்ஸும் அமெரிக்கர்களிடம் அவர்கள் அன்றாடம் புழங்கும் ஒரு சென்ட் நாணயத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். எந்த முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்பதில் பெரும்பாலோர் தவறினார்கள். நாணயத்தை அடையாளம் காண அந்த விவரம் தேவைப்படவில்லை, அதனால் பதியவும் இல்லை. நான்காம் வாசிப்பும் அப்படித்தான். கண் வழுக்கிக்கொண்டு போகிறது, அந்த வழுக்கலை மனம் "தெரியும்" என்று எடுத்துக்கொள்கிறது.

இதற்கு ரோடிகரும் கார்பிக்கியும் 2006-ல் செய்த சோதனைதான் நேரான விடை. ஒரு குழு உரைப்பகுதியை இருமுறை படித்தது. மற்றது ஒருமுறை படித்துவிட்டு, பாராமல் எழுதிப் பார்த்தது. 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது இருமுறை படித்தவர்களே முன்னால்: 81 சதவீதம், எதிரே 75. ஒரு வாரம் கழித்து அது தலைகீழானது: படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. அன்றைக்கே சோதித்துப் பார்த்து "மறுவாசிப்பே மேல்" என்று முடிவு கட்டுவது இதனால்தான் ஏமாற்றுகிறது.

இழைவானம்

நன்றி, தெளிவாயிற்று. அப்படியானால் எழுதிப் பார்ப்பதை எத்தனை நாள் விட்டுச் செய்வது? எழுதும்போது தவறான விடை வந்தால் அதுவே பதிந்துவிடாதா?

கரும்பலகை

இடைவெளி, தேர்வு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. செபெடாவும் உடன் ஆய்வாளர்களும் 2008-ல் 1,350-க்கும் மேற்பட்டவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு வாரம் கழித்துத் தேர்வு என்றால் அந்தக் காலத்தில் 20 முதல் 40 சதவீதம், அதாவது ஒன்றரை முதல் மூன்று நாள் இடைவெளி, நல்ல பலன் தந்தது. ஓராண்டு என்றால் 5 முதல் 10 சதவீதம், ஏறக்குறைய மூன்று முதல் ஐந்து வாரம். இடைவெளியைச் சற்றுக் கூடுதலாக விட்டதன் இழப்பு சிறியது. அளவுக்கு மீறிக் குறைத்ததன் இழப்பு பெரியது. ஆகவே ஐயம் இருந்தால் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.

நுண்ணிழை

தவறு பதியுமா என்ற பயம் நியாயமானது. மேலே சொன்ன நான்கு விடை வினாக்களில்தான் இது அதிகம். தவறான விடைகளையும் வாசிக்கிறோம், பின்னால் அவற்றில் ஒன்று உண்மைபோல் எழுந்து வரும். சரிவிடையை உடனே காட்டினால் இந்தக் கேடு பெருமளவு குறைகிறது. எனவே பத்து வினாக்களை முடித்துவிட்டு நாளை திருத்தலாம் என்று வைக்காதீர்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில், அது சரி என்பதில் எவ்வளவு உறுதி என்று 1 முதல் 5 வரை ஓர் எண் போடுங்கள். 5 போட்டுத் தவறிய விடைகளை, உடனே திருத்திக் காட்டினால், தயங்கித் தவறியவற்றைவிட நன்றாகத் திருத்திக்கொள்கிறோம் என்று பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் 2001-ல் காட்டினார்கள். எதிர்பாராத தவறு கவனத்தை இழுப்பது ஒரு காரணம். ஆனால் இந்தத் திருத்தமும் நாள்பட நழுவி, பழைய விடை திரும்பக்கூடும். அதனால் அடுத்த சுற்றில் முதலில் கேட்க வேண்டியவை இந்த ஐந்துகள்தான். அதற்குப் பிறகு 1, 2 போட்டுச் சரியாக வந்தவை: அவை தெரிந்து வந்ததா, ஊகத்தில் விழுந்ததா என்று இன்னும் தெரியாது.