தாத்தாவின் மடக்குக்கத்தி: பழுது பார்க்க ஆள் வேண்டும்

வணக்கம். பாம்பனில் வலை பின்னிக்கொண்டிருந்த என் தாத்தாவின் மடக்குக்கத்தி பரணில் கிடைத்தது. தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்திருக்கிறது. கொம்புப் பிடியில் அவருடைய கட்டைவிரல் அழுந்திய இடம் வழவழவென்று குழிந்திருக்கிறது.

அலகின் அடியில் ஒரு நட்சத்திரமும் சிலுவையும் மங்கலாகத் தெரிகின்றன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் முத்திரை அது. ஆனால் அதைப் போலியாகப் பொறித்தவர்களும் உண்டு. எப்படிப் பிரித்தறிவது? தலைமன்னார் கப்பலில் வந்த கொழும்புச் சரக்கு என்கிறார் அப்பா. தனுஷ்கோடியிலிருந்து அந்தக் கப்பல் 1914 முதல் 1964 புயல் வரை ஓடியது உண்மைதான். ஆனால் அப்பாவுக்கு வீட்டில் உள்ள பழைய பொருள் எல்லாமே கொழும்புச் சரக்கு!

உப்புக்காற்றில் மூட்டு இறுகிவிட்டது. தேங்காய் எண்ணெய் விட்டேன், அசையவில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்தால் கொம்பு கெடுமா? சாணைக்காரர் பளபளப்பாக்கித் தருகிறேன் என்றார். அலகில் ஏறிய பழைய கருமை போய்விடும் என்று மறுத்துவிட்டேன். மண்டபம், கீழக்கரைப் பக்கம் மூட்டைப் பிடித்திருக்கும் தறையாணியை (ரிவெட்) மட்டும் மாற்றித் தரும் பொறுமையான கொல்லர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இதேபோன்ற கத்தி உங்கள் வீட்டில் இருந்தால் முத்திரையைப் படமெடுத்துப் போடுங்கள்.