யோ எடி: பழைய அளவில் புது ஃப்ரேம் எடுபடுமா?

கேள்வி: 1982-ல் கிறிஸ் சான்ஸ் தொடங்கிய மவுன்டன் பைக் நிறுவனமான ஃபேட் சிட்டி சைக்கிள்ஸின் 'ஃபேட் சான்ஸ்' பெயர் 2015-ல் மறுபடி சந்தைக்கு வந்தது. அவர்களின் 90களின் மாடலான யோ எடி ஃப்ரேமின் அளவுகளை மாற்றாமல், 120 மி.மீ. சஸ்பென்ஷன் ஃபோர்க் மட்டும் மாட்டினால் என்ன?

பதில் 1: வேண்டவே வேண்டாம். அந்தக் கால ரிஜிட் ஃபோர்க்கின் (சஸ்பென்ஷன் இல்லாதது) உயரம் சுமார் 400 மி.மீ. 29 அங்குலச் சக்கரத்துக்கான 120 ஃபோர்க் 530-ஐத் தொடும். உயரம் கூடும் ஒவ்வொரு 20 மி.மீ.க்கும் சுமார் ஒரு டிகிரி வீதம் ஹெட் ஆங்கிள் (முன் ஃபோர்க்கின் சாய்வுக் கோணம்) சரியும். பெடலும் மேலே ஏறும். டவுன் ட்யூப் (ஃப்ரேமின் முன்பக்கத்திலிருந்து பெடலுக்கு இறங்கும் குழாய்) வெல்டை ஒட்டி விரிசல் விழும். முதல் அறிகுறி, பெயின்ட்டில் மயிரிழைக் கோடு.

பதில் 2: ஹெட் ட்யூப் (ஃபோர்க் தண்டு நுழையும் முன் குழாய்) 44 மி.மீ. ஆகணுமே! இல்லாவிட்டால் டேப்பர்டு ஸ்டியரர் (கீழே பருத்த புது ஃபோர்க் தண்டு) நுழையாது. பின் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) அகலமும் 135-லிருந்து 148 மி.மீ. ஆகணும். டிஸ்க் பிரேக்கின் இழுவை முழுக்க இடது பக்கம்தான். மெல்லிய சீட்ஸ்டே (சீட்டிலிருந்து பின் சக்கரத்துக்கு இறங்கும் குழாய்) வளையும்.

பதில் 1: அதேதான். ஸ்டீலும் பெயின்ட்டும் பழசு, மற்றதெல்லாம் புதுசு.