பொழுது சாய்ந்தும் கூண்டுக்கு வராத கினிக்கோழிகள்

கேள்வி: காங்கேயம் தோட்டத்துக்காரர்

வணக்கமுங்க. எங்கள் சாளையில் (தோட்டத்து வீட்டில்) நாட்டுக்கோழி எப்போதும் உண்டு. மாடு கட்டும் கட்டுத்தரைப் பக்கம் பாம்பு நடமாட்டம் அதிகம்; பாம்பைக் கண்டால் கத்தும் என்று, போன மாதம் வளர்ந்த கினிக்கோழி எட்டு வாங்கினேன். மூன்று நாள் அடைத்து வைத்துத் திறந்துவிட்டேன். கிளுவை வேலியைத் தாண்டி மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுக்குப் போனவை, இரவில் வெள்வேல மரத்திலேயே அடைகின்றன. இரண்டைக் காணோம். ஒன்றின் இறகு மட்டும் மரத்தடியில் கிடந்தது. மனசே சரியில்லை. றெக்கையை வெட்டிவிடலாமா?

பதில்: தாராபுரம், ஒன்பது வருடமாக வளர்க்கிறேன்

அண்ணா, றெக்கையை மட்டும் வெட்டிவிடாதீங்க. நாய் துரத்தினால் அதுக்கு மரம்தான் கதி.

மூன்று நாள் போதாதுங்க. வளர்ந்த கினிக்கோழிக்கு இடம் மனதில் பதிய ஒன்றரை மாதமாவது அடைப்பில் இருக்கணும். அப்புறமும் எல்லாவற்றையும் ஒரே நாளில் விடக்கூடாது. சாயங்காலம் இரண்டை விட்டால், உள்ளே இருப்பவை கத்தும் சத்தத்துக்கு வெளியே போனவை தூரம் போகாது.

இப்போது இருக்கும் ஆறுக்கு ஒரு வழி சொல்கிறேன். கினிக்கோழி இருட்டான கூண்டுக்குள் நுழையவே நுழையாது. நானும் இது தெரியாமல் ஒரு வருடம் மரத்தடியில் நின்று கூப்பிட்டிருக்கிறேன். உள்ளே சின்ன பல்பு போடுங்க. ஆள் உயரத்துக்கு மேலே குறுக்கே ஒரு கம்பு கட்டுங்க, உயரத்தில் உட்காரத்தான் அதுக்குப் பிடிக்கும். தினமும் பொழுது இறங்கும் முன்னே, ஒரே டப்பாவைத் தட்டிக் கம்பு தானியம் போடுங்க. முதலில் வாசலில், நாலு நாள் கழித்து உள்ளே. துரத்திப் பிடிக்க வேண்டாம். காலைப் பிடித்துத் தூக்கினால் கால் போய்விடும்.

பாம்பு விஷயம் ஒன்று. பகலில் பாம்பைக் கண்டால் சுற்றி நின்று ஊரைக் கூட்டும், அது நிஜம். ஆனால் கட்டுவிரியன் நடமாடுவது இரவில், அந்நேரம் கோழி தூங்கும். டார்ச் இல்லாமல் கட்டுத்தரைக்குப் போகாதீங்க.

பதில்: கோபி, வீட்டுத்தோட்டம்

அடுத்த தடவை கினி முட்டை வாங்கி நாட்டுக்கோழியில் அடை வையுங்க அண்ணா. அங்கேயே பொரிந்தது அங்கேயே அடையும். நாட்டுமுட்டை 21 நாளில் பொரியும், இதுக்கு 26 முதல் 28 நாள் ஆகும். அதனால் அடையில் பொறுமையாக உட்காரும் கோழியாகப் பாருங்க.

கினிப் பெட்டையை நம்பிக் குஞ்சை விடாதீங்க. போன ஐப்பசியில் எங்கள் பெட்டை வாய்க்கால் ஓரப் புல்லில் ஒளித்து அடைகாத்துப் பதினான்கு குஞ்சோடு வந்தது. மறுநாள் விடியலில் ஈரப் புல்லுக்குள் இழுத்துக்கொண்டு போனது. நான் தேடிப் போவதற்குள் ஒன்பது விறைத்துப் போயிருந்தன. மீதியை மடியில் கட்டி வந்து பல்பு சூட்டில் வைத்துக் காப்பாற்றினேன். ஈரம்தான் அதுங்களுக்கு எமன். தண்ணீர்த் தட்டிலும் கூழாங்கல் போடுங்க, இல்லையென்றால் விழுந்து மூழ்கிவிடும். கீழே செய்தித்தாள் விரித்தால் வழுக்கிக் கால் அகன்றுவிடும், சாக்கு விரியுங்க.

காங்கேயம் தோட்டத்துக்காரர்

ரொம்ப நன்றிங்க. பல்பு போட்டுப் பதினோரு நாள் ஆச்சு. நேற்று நான்கு உள்ளே வந்து கம்பில் உட்கார்ந்தன. இரண்டு இன்னும் மரத்தில்தான். கதவைச் சாத்தாமல் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.