வெள்ளவத்தையில் வீட்டு நாய் கடித்துவிட்டது, நஷ்டஈடு கேட்க முடியுமா?

வேலை மாற்றலில் சென்னையிலிருந்து கொழும்புக்கு இப்போதுதான் வந்திருக்கிறேன். நேற்று சாயங்காலம் எங்கள் ஒழுங்கையில் (சந்துத் தெருவில்) நடந்து வரும்போது, திறந்து கிடந்த கேட் வழியாக ஒரு வீட்டு நாய் பாய்ந்து வந்து கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஊசி போட்ட நாய்தான், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தனியார் ஆஸ்பத்திரியில் பில் எகிறிவிட்டது. வெளிநாட்டுக்காரன் இங்கே நஷ்டஈடு கேட்டால் எடுபடுமா?

பதில்

தாராளமாகக் கேட்கலாம் தம்பி, இந்தியப் பாஸ்போர்ட் அதற்குத் தடை இல்லை. ஆனால் முதலில் ஊசி. "ஊசி போட்ட நாய்" என்ற வாய்ச்சொல்லை நம்பி மீதி டோஸ்களை விட்டுவிடாதீர்கள். நாயின் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் நாய்க்கடிக்குச் சிகிச்சை உண்டு. நாயை 14 நாள் கட்டிவைத்துக் கவனிக்கச் சொல்வார்கள். அதற்குள் அது செத்தாலோ காணாமல் போனாலோ அன்றைக்கே டாக்டருக்குத் தெரிய வேண்டும். செத்த நாயைப் புதைத்துவிட விடாதீர்கள். தலையைப் பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் பரிசோதிப்பார்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். இலங்கையில் நஷ்டஈட்டு வழக்குகளில், டச்சுக்காரர் ஆட்சியில் வந்த ரோமன் டச்சுச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதில் 'ஆக்டியோ டி பௌபெரி' என்று பழைய ரோமானியக் காலத்து வழக்கு வகை ஒன்று உண்டு. வளர்ப்புப் பிராணி காரணமில்லாமல் பாய்ந்து காயப்படுத்தினால், அதன் உரிமையாளர் பொறுப்பு. அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை என்பதுதான் அந்தப் பழைய விதி. ஆனால் இங்கத்தைய நீதிமன்றங்கள் அதை அப்படியே ஏற்கின்றனவா, "எங்க நாய் இதுவரைக்கும் யாரையும் கடிச்சதில்ல" என்பது எடுபடுமா என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; கேட் திறந்து கிடந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள். அவர் தப்பிக்க வழிகள் கொஞ்சம்தான்: நீங்கள் நாயைச் சீண்டினீர்கள், அல்லது வேறு யாரோ சீண்டினார்கள், அல்லது இருக்க உரிமை இல்லாத இடத்தில் நீங்கள் இருந்தீர்கள். நீங்கள் நின்றதோ பொது ஒழுங்கை, பாய்ந்து வந்தது நாய். இதைவிடத் தெளிவான கேஸ் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் ஊரில் வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிற "ஒரு பல் தடத்துக்கு 10,000 ரூபாய்" கணக்கை இங்கே தூக்கிக்கொண்டு வராதீர்கள். 2023-இல் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் அந்த மாநில அரசுகளைக் கொடுக்கச் சொன்ன தொகை அது. இங்கே அப்படி அட்டவணை எதுவும் கிடையாது. மருத்துவச் செலவு, போன சம்பளம், பட்ட வலி எல்லாம் கேட்கலாம். ஆனாலும் பேச்சுவார்த்தையில் ரசீது இருக்கிற தொகைக்குத்தான் மரியாதை. வலிக்கு ஏதாவது கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்மசித் துண்டுச்சீட்டு, டாக்சிக் கட்டணம், ஆபீஸிலிருந்து லீவு பற்றி ஒரு கடிதம், நாளுக்கொரு காயப் படம், எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த ஓர் அக்காவின் பதில்

தம்பி, முதல்ல பொலிஸில் முறைப்பாடு போடுங்கோ, நாள் கடத்தாதீங்கோ. பெரும்பாலும் சிங்களத்தில்தான் எழுதுவார்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ அலுவல் பார்க்க அரசியலமைப்பே உரிமை தந்திருக்கு, தயங்காமல் கேளுங்கோ. முடியாவிட்டால் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், வாசித்து விளங்கின பிறகு கையெழுத்து வையுங்கோ. காயத்தைச் சட்ட வைத்திய அதிகாரியிடம் (வழக்குகளுக்காகக் காயத்தைப் பரிசோதித்து அறிக்கை எழுதுகிற அரசாங்க டாக்டர்) காட்டுவதற்குப் படிவம் தருவார்களா என்றும் அங்கேயே கேளுங்கோ. பிற்பாடு அந்த அறிக்கை பெரிய பலம்.

அநேகமான இப்படியான பிரச்சினைகள் பொலிஸிலேயே கதைத்து முடிந்துவிடும். அங்கதான் கவனம். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி எழுதி நீட்டுவார்கள். கடைசி ஊசி போட்டு முடிந்து, முழுச் செலவும் தெரிகிற வரைக்கும் அந்த வரிக்குக் கீழே கையெழுத்து வைக்காதீங்கோ. அரைவாசிக் காசு தந்தால், இது இன்ன திகதி வரையான செலவுக்கு மட்டும் என்று எழுதி வாங்குங்கோ.

சரிவராவிட்டால் அடுத்தது மத்தியஸ்த சபை, வழக்குக்கு முதல் இரண்டு பக்கத்தையும் சமரசம் பண்ணிப் பார்க்கிற இடம். தொகை சின்னதென்றால் அங்கே போய், இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழ் எடுக்காமல் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடவே ஏலாது. அங்கே உங்களுக்காக நீங்களேதான் கதைக்க வேணும். அதுக்கும் மசியாத ஆள் என்றால் கோர்ட்டுகள் இருக்கிற புதுக்கடைக்குப் போய் ஒரு சட்டத்தரணியை (வக்கீலை) பிடியுங்கோ. அவர் முதலில் கோரிக்கைக் கடிதம் ஒன்று அனுப்புவார், பலர் அதிலேயே பயந்து இறங்கி வந்துவிடுவார்கள். வழக்குப் போட 2 வருடம்தான் காலம்.

கேட்டவர்

நன்றி அண்ணா, நன்றி அக்கா. இன்று போய்க் கேட்டேன். "அது எங்க நாய் இல்லை, தெரு நாய், சோறு மட்டும்தான் போடுறோம்" என்கிறார். விசா முடிந்து நான் ஊருக்குப் போய்விட்டால் என்ன ஆகும்?

பதில்

நேற்று "ஊசி போட்ட நாய்" என்றவர் இன்று தெரு நாய் என்கிறாரா? அவர் சொன்ன வார்த்தையை அப்படியே முறைப்பாட்டில் சேர்த்துவிடுங்கள். உரிமையாளர் யார் என்பதில்தான் கேஸே நிற்கிறது. சோறு போடுகிறவரை உரிமையாளர் என்று சாதிப்பது சுலபமில்லை. ஆனால் தடுப்பூசி அட்டையில் யார் பெயர்? கழுத்துப்பட்டி இருக்கிறதா? ராத்திரி எங்கே கட்டுகிறார்கள்? நாயைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1901-ஆம் ஆண்டிலிருந்தே இங்கே சட்டம் இருக்கிறது, மாநகர சபையில் விசாரியுங்கள். எதிர்வீட்டு வாட்ச்மேன் வாய் திறந்தால் பாதி வேலை முடிந்தது.

ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தால் நம்பிக்கையான ஒருவருக்கு, உங்கள் சார்பில் வழக்கைப் பார்த்துக்கொள்ள அட்டோர்னிப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வெளிநாட்டில் இருக்கும் வழக்காளியிடம், எதிர்த்தரப்புச் செலவுக்குப் பிணைப்பணம் கட்டச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதனால் இங்கே இருக்கும்போதே பேசி முடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

அப்புறம், நாயைப் படம் எடுக்கிறேன் என்று அவர் வீட்டு கேட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்துவிடாதீர்கள். ஒழுங்கையில் நின்றே எடுங்கள்.