மெஸ் வீட்டு குரூப்

அப்பா: கடைச் சுவத்துல நோட்டீஸ் ஒட்டிட்டாய்ங்க. யுனிவர்சிட்டி விரிவாக்கத்துக்கு நம்ம வரிசை பூராம் எடுக்குறாங்களாம். போட்டோ போட்டிருக்கேன்

கோச்சடை அத்தை: முருகா

பெங்களூர் சித்தப்பா: கட்டடக்காரர் என்ன சொல்றாரு?

அப்பா: போனையே எடுக்கல

மாமா: மாப்ள, பதறாத. பிரிவு 11னு போட்டிருக்கு. 2013 நிலம் எடுக்குற சட்டத்துல அது முதல் அறிவிப்புதான். ஆட்சேபணைய 60 நாளுக்குள்ள கலெக்டருக்கு எழுத்துல குடுக்கணும். சுவத்துல ஒட்டுன நாள்ல இருந்து எண்ணாத, அறிவிப்பு வெளியான தேதியில இருந்து எண்ணு. அங்கதான் பல பேர் கோட்ட விடுறது. இடத்துக்கான பணமும், அதுக்கு மேல 100 சதவீத ஆறுதல் தொகையும் கட்டடக்காரருக்கு. நமக்கு உள்ளது மறுவாழ்வு உதவி. வாடகைக்கு இருக்கவங்களுக்கும் உண்டு, ஆனா 3 வருஷமா இந்த இடந்தான் பொழப்புன்னு காட்டணும். பாதிக்கப்படுற குடும்பங்க கணக்கெடுப்புல பேர் ஏறலைன்னா அம்புட்டுதான்

பெங்களூர் சித்தப்பா: சுருக்கமா மச்சான்

கோச்சடை அத்தை: ரிட்டயர்டு ஆகியும் ஃபைல் எழுதுறாரு 😄

மாமா: எந்த பேப்பர் யார் பேர்ல?

அப்பா: அக்ரிமென்ட் நம்ம அய்யா பேர்ல. கரண்ட் கட்டடக்காரர் பேர்ல. ஃபுட் லைசென்ஸ் தம்பி பேர்ல

பெங்களூர் சித்தப்பா: பேப்பர்ல மட்டும் நான் பங்காளி

அம்மா: ஆரம்பிச்சாச்சு

மாமா: அப்ப அய்யாவுக்கு வாரிசுச் சான்று வேணும். அதுல மூணு பேர் பேரும் வரும், எங்க வீட்டம்மாவும் சேத்து

பெங்களூர் சித்தப்பா: கையெழுத்துன்னா நேர்ல பேசுவோம்ணே

கோச்சடை அத்தை: தம்பி, ஞாயித்துக்கெழம அழகர்கோயில்ல காதுகுத்து. பெரிய அண்டா வேணும்

அம்மா: போன தடவ குடுத்ததே இன்னும் வரல மதினி

மாமா: லைசென்ஸ் முகவரியோட சேந்தது. கடை மாறுனா அங்க தனியா எடுக்கணும், பழசு செல்லாது

கிச்சன் அண்ணன்: பழங்காநத்தத்துல ஒரு கடை இருக்கு சித்தப்பா. த்ரீ பேஸ் இருக்கான்னு மொதல்ல கேளுங்க, சிங்கிள் பேஸ்னா நம்ம கிரைண்டர் மோட்டார் ஓடாது. தோசைக்கல்ல ஆற விட்டுத்தான் தூக்கணும், சூட்டோட தண்ணி பட்டா கோணிக்கும். புது அடுப்புல ரசமட்டம் வைக்கணும். கொஞ்சம் சாஞ்சாலும் கறிதோசைக்கு ஊத்துற முட்டை ஒரு பக்கமா வழிஞ்சுரும். அப்பறம் வெங்காயமும் நல்லெண்ணெயும் தேச்சுப் பழக்கணும். மொத பத்து தோசை கிழியத்தான் செய்யும்

பெங்களூர் சித்தப்பா: பழங்காநத்தத்துல யுனிவர்சிட்டி பசங்க வருவாய்ங்களா?

அப்பா: அதான்டா யோசன

மாமா: மாப்ள, போட்டோவுல தேதிய ஒன் கட்டவெரல் மறைக்குது. வேற எடுத்துப் போடு

அப்பா: கடைய சாத்திட்டேன். காலைல

கோச்சடை அத்தை: அண்டா?